மலிவான கோடு

நம் சிறுபத்திரிகைகளில் வந்த ஓவியங்களைப் பற்றிப் பேசுகிறபோது எல்லோரும் கோட்டின் வலிமை, கோட்டின் தீவிரம் என்று பேசுகிறோம். அந்தக் கோட்டுக்கு என்ன கூலி கொடுக்கப்பட்டது என்று கேட்பவர் இல்லை. 1970இல் ‘கசடதபற’ தொடங்கிய காலத்தில் சிறுபத்திரிகை என்றால் எழுத்தச்சுதான். படம் போட வேண்டுமானால் பிளாக் செய்தாக வேண்டும். பிளாக்குக்குச் சதுர அங்குலக் கணக்கில் கூலி. கறுப்புக் கோட்டைத் துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்தெடுக்கும் லைன் பிளாக் மலிவு. சாம்பல் சாயைகளைப் புள்ளிகளாக உடைக்கும் ஆஃப்டோன் பிளாக்குக்குக் கூலி கூடுதல். அது சரியாக விழ வழவழப்பான தாளும் வேண்டும். சந்தாதாரர்கள் முந்நூறு பேரைத் தாண்டாத பத்திரிகைக்கு அந்தத் தாள் கட்டுபடியாகாது. ஆகவே கோடு.

ஆதிமூலத்தின் கோடு பிளாக் கூலியிலிருந்து பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 1969இல், காந்தி நூற்றாண்டின்போது, அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களுக்குப் பின்னால் இருக்கும் பயிற்சியும் பார்வையும் வேறு. ஆனால் அப்படிப்பட்ட கோடு நம் கைக்கு வந்து சேர்ந்த வழியைத் திறந்து வைத்தது மலிவுதான். நாம் இன்று ‘சிறுபத்திரிகை ஓவியம்’ என்று ஒரு அழகியலாகவே அடையாளம் கண்டுகொள்கிற அந்தக் கறுப்பு வெள்ளைக்கு, பணமின்மையும் ஒரு ஆசிரியன்.

வேலை செய்யும் இடம் பற்றியும் இதையே சொல்லலாம். கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த ஓவியர்களும் 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தை அமைத்தபோது அவர்களுக்கு அரசு மானியமோ புரவலரோ முதலாக அமையவில்லை. பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுச் சேர்த்த பணத்தில் மணல்வெளியை வாங்கினார்கள். கைவினை சோறு போடும், ஓவியம் ஓவியமாக இருக்கும் என்பது ஏற்பாடு. ஓவியனுக்கு ஓரிடம் வேண்டும், அந்த இடத்துக்கான செலவை அவனே கணக்குப் போட்டாக வேண்டும் என்கிற யதார்த்தத்தை நம்மிடையே முதலில் கூச்சமின்றி ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பின்னணியில்தான் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வைத்துப் படம் செய்வதைப் பற்றி எழுத நினைத்தேன். இவ்விஷயத்தில் நம் நண்பர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்குக் கம்ப்யூட்டரில் செய்தது படமே அல்ல. மறு கட்சி ஒன்றரை லட்ச ரூபாய் இயந்திரத்தின் விளம்பரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, அது கிடைக்காதவரை ஒன்றும் செய்வதற்கில்லை என்று இருந்துவிடுகிறது. இரண்டு கட்சியும் சாதனத்தைப் பற்றி ஒரே நம்பிக்கை கொண்டவை: இயந்திரம்தான் படத்தைச் செய்கிறது என்பது அது. அந்த நம்பிக்கையைப் பரிசோதித்துப் பார்க்க எனக்கு 20,000 ரூபாய் செலவாயிற்று.

கணக்கை எழுதிவிடுகிறேன், நம் பத்திரிகைகளில் கணக்கு எழுதப்படுவதே இல்லை. 2024 தொடக்கத்தில் சென்னை ரிச்சி தெருவில், ஏதோ அலுவலகம் கழித்துப் போட்ட ஆறாம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப், 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டி - 9,500. பழைய 22 அங்குலத் திரை - 4,000. படம் வரையும் டேப்லெட், இது மட்டும் புதிது - 3,200. யுபிஎஸ் - 3,300. ஆக 20,000. பின்னால் ஸ்கேனரோடு சேர்ந்த பழைய பிரிண்டர் ஒன்று 2,500க்கு வந்தது. அதன் கதை பிறகு.

இதில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்பதற்கு என் அனுபவம் இது. திரையில் குறைக்கக் கூடாது. ஐபிஎஸ் வகைத் திரையாகப் பார்த்து வாங்க வேண்டும். மலிவான டிஎன் வகையில் தலையைக் கொஞ்சம் உயர்த்தினால் சாம்பல் வெளுக்கும், தாழ்த்தினால் கறுக்கும். எது நாம் வைத்த நிறம் என்று தெரியாமல் போகும். இயந்திரத்தில் குறைக்கலாம். விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0வும் வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. ஆகவே நல்ல நிலையிலுள்ள எத்தனையோ இயந்திரங்கள் காலாவதியானவை என்ற பெயரோடு சந்தைக்கு வருகின்றன. லினக்ஸ் போட்டால் அவை பல வருஷம் உழைக்கும். வரைவதற்கு க்ரித்தா, படத்தைத் திருத்த கிம்ப், கோட்டு வடிவங்களுக்கு இங்க்ஸ்கேப் - மூன்றும் இலவசம், மூன்றும் லினக்ஸில் ஓடும். ஃபோட்டோஷாப்பை 2013இலிருந்து சந்தா வைத்து வாடகைக்கு விடுகிறார்கள். திருட்டுப் பிரதியோ நம் ஊரில் சர்வசாதாரணம். வாடகை எனக்குக் கட்டாது. பிறர் எழுத்தைத் திருடி அச்சிடுகிறவர்களைக் கண்டித்து எழுதிவிட்டுத் திருட்டு நிரலில் அட்டைப்படம் செய்வதும் ஆகாது.

லினக்ஸ் நமக்குப் புதிதுமல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கு மேல் மடிக்கணினிகள் போயின. முதல் ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கியது அது. எத்தனை வீட்டுப் பரண்களில் அந்த மடிக்கணினிகள் இன்னும் கிடக்கின்றனவோ. தமிழில் ஒரு கலைச் சாதனம் இவ்வளவு பேர் வீட்டுக்குள் விலையின்றி நுழைந்ததில்லை. அது கலைச் சாதனம் என்று யாரும் சொல்லித் தராததும் நடந்தது.

இப்போது ஒரு எளிய கணக்கு. ஏ4 அளவுத் தாள், அங்குலத்துக்கு 300 புள்ளி. குறுக்கே 2,480, நெடுக்கே 3,508. மொத்தம் சுமார் 87 லட்சம் புள்ளிகள். வண்ணப் படத்தில் ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் தன்மை என்று நான்கு பைட். ஆக ஒரு அடுக்குக்கு 35 எம்பி. இருபது அடுக்கு போட்டால் 700 எம்பி. பழைய இயந்திரம் மூச்சு வாங்கும் இடம் இதுதான். அதே படத்தைக் கறுப்பு, வெள்ளை என்ற இரண்டே நிலையில் சேமித்தால் ஒரு புள்ளிக்கு ஒரு பிட். கோப்பு முழுவதும் ஒரு எம்பியைச் சற்றே தாண்டும். 600 புள்ளிக்கு உயர்த்தினாலும் நாலரை எம்பிக்குள் அடங்கிவிடும். நிரலுக்குள் வேலை நடக்கும்போது இதைவிட இடம் பிடிக்கும் என்பது உண்மையே. என்றாலும் விகிதம் பெரிதாக மாறுவதில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் துத்தநாகத் தகடு சொன்னதையே இந்தப் பழைய டெஸ்க்டாப்பும் சொல்கிறது: உன்னிடம் காசில்லை, கோடு போடு. நான் கேட்டுக்கொண்டேன். முதல் ஆறு மாதம் வண்ணத்தின் பக்கமே போகவில்லை.

டேப்லெட் பற்றி ஒரு வார்த்தை. அதில் திரை இல்லை. கை மேஜைமேல், கண் எதிரே. முதல் வாரத்தில் நம் கை நம்முடையது என்ற எண்ணமே ஆட்டம் காணும். என் டேப்லெட் 10க்கு 6 அங்குலம். திரையோ 16க்கு 9 என்ற விகிதம். இரண்டையும் அப்படியே பொருத்தினால் போடும் வட்டமெல்லாம் கோழிமுட்டையாகும். டேப்லெட்டின் மேலோ கீழோ ஒரு பட்டையை விட்டுவிட்டு விகிதத்தைச் சமன்செய்தாக வேண்டும். பெட்டிக்குள் வரும் தாளில் இது கண்ணில் படாத எழுத்தில் இருக்கிறது. பலர் தங்களுக்கு வரைய வரவில்லை என்று முடிவு கட்டிவிடுவது இதனால்தான்.

இடம் என்று நான் சொல்வது ஒரு அறையின் மூலை. மேஜை தையல் மிஷின் உயரம். பகல் முழுதும் வங்கிக் கவுண்டரில் ஒரு திரையைப் பார்க்கிறவன் இரவில் இன்னொரு திரைமுன் உட்காருவதானால் வெளிச்சம் பற்றிக் கவலைப்பட்டே ஆகவேண்டும். ஜன்னல் திரைக்குப் பக்கவாட்டில் இருக்கவேண்டும்; பின்னால் இருந்தால் கண் கூசும், எதிரே இருந்தால் திரையில் தெருவே தெரியும். எதிர்ச்சுவர் பச்சை டிஸ்டெம்பராக இருந்ததைச் சாம்பல் கலந்த வெள்ளையாக மாற்றினேன். பச்சைச் சுவர் எதிரே இருக்கும்வரை கண் எல்லா நிறத்தையும் பச்சைக்கு எதிராகவே எடைபோடும்.

கடலூருக்கு என்று சில சட்டங்கள் உண்டு. உப்புக்காற்று. ஒரு மாதம் போடாமல் வைத்த இயந்திரத்தின் இணைப்புகளில் பச்சை பூத்துவிடும். வேலை இல்லாவிட்டாலும் வாரம் இருமுறை ஓடவிட வேண்டும். சூடு ஆறுமுன் துணிபோட்டு மூடக்கூடாது. நெய்வேலி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, மின் அழுத்தமோ மாலையில் இறங்குகிறது. ஆகவே யுபிஎஸ் ஆடம்பரம் ஆகாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பல நாள் மின்சாரம் இல்லை. 2024இல் ஃபெஞ்சல் கரையைக் கடந்தது நவம்பர் 30 இரவு. அதன் பின் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் வந்து கரையோரத்தை மூழ்கடித்தது. அதற்குப் பிறகு என் கோப்புகளின் பிரதி ஒன்றை வெளியூரில் வைப்பது என்று தீர்மானித்தேன். ஒரு சிறு டிஸ்க்கில் அது 45 கிலோமீட்டர் தெற்கே சிதம்பரத்தில் ஒரு நண்பர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அவரைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத முடியாது.

அவர் போர்டு ஆர்ட்டிஸ்ட். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். எனக்கு அண்ணன், அவருக்கு நான் தம்பி. அரிசி மண்டி, சைக்கிள் கடை, லாரியின் பின்கதவு, தேர்தல் சுவர், மார்கழி ஆருத்ராவுக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் துணி பேனர், அண்ணாமலை நகர் விடுதி விழாக்கள் என்று சிதம்பரம் வட்டாரத்தின் எழுத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் அவர் கையும் அவரையொத்த நாலைந்து பேர் கையும்தான். 2000க்குப் பின் பிளக்ஸ் வந்தது. ஓர் இரவு வேலையை ஒரு மணியில் அச்சடித்துத் தரும் இயந்திரம். அந்த இயந்திரத்துக்கான கடன் விண்ணப்பங்கள் என் மேஜை வழியாகவும் போயிருக்கின்றன. அண்ணனுக்கு இப்போது எப்போதாவது ஒரு கோயில் சுவர், எப்போதாவது ஒரு பள்ளிக்கூட வாசகம். கை இலேசாக நடுங்கத் தொடங்கியிருக்கிறது.

ஆகவே ‘டிஜிட்டல் கலை’ என்று நாம் ஆங்கிலப் பத்திரிகைகளில் படித்துப் புளகாங்கிதம் அடைகிற பொருளுக்குச் சிதம்பரத்தில் ஏற்கெனவே ஒரு சரித்திரம் உண்டு. அங்கே அது அருங்காட்சியகத்தின் வழியாக வரவில்லை. பிளக்ஸ் கடை வழியாக வந்தது, ஒரு தொழிலை அழித்துக்கொண்டு வந்தது. இந்தச் சரித்திரத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு என் மூலையில் நான் ‘புதிய சாத்தியங்கள்’ பற்றிப் பேச முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கடலூருக்கு வந்திருந்தார். திரையைப் பெரிதாக்கிப் புள்ளிகளைக் காட்டினேன். விளக்கம் தொடங்குமுன்பே, “கட்டம்” என்றார். ஆமாம். சின்னப் படத்தின்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, சுவரில் நூல் அடித்துப் பெரிய கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் மாற்றி வரைகிறவருக்குப் பிக்ஸெல் என்ன புதுமை? முப்பது வருஷமாக அவர் செய்ததைத்தான் இயந்திரமும் செய்கிறது. ஒரு வித்தியாசம், அவர் கட்டத்தை வேலை முடிந்ததும் அழித்துவிடுவார்.

பேனாவைக் கொடுத்தேன். ஒரே இழுப்பில் ஒரு நீளக் கோடு இழுத்தார். நடுக்கமே இல்லாத, கண்ணாடி போன்ற கோடு. முகம் சுளித்தார். “இது என் கோடு இல்ல தம்பி. யாரோ கூட புடிச்சு இழுக்கறாங்க.” க்ரித்தாவில் கோட்டை நிலைப்படுத்தும் வசதி ஒன்று உண்டு, கை போகும் பாதையைச் சராசரி எடுத்து வழவழப்பாக்கித் தரும். என் பயிற்சிக்காக அதை இயக்கி வைத்திருந்தேன். திரைக்கு வரும் முன்பே தன் கோட்டில் இன்னொருவன் கை கலந்திருப்பதை அவர் ஒரே இழுப்பில் கண்டுகொண்டார். இணையத்தில் குவியும் படங்களில் கோடுகள் எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவைபோல் இருப்பதற்கு இது ஒரு காரணம். ரசனையின் ஒற்றுமை என்று நாம் விமர்சனம் எழுதுகிறோம். அதில் பாதி, யாரும் மாற்றாமல் விட்ட ஒரு அமைப்பு.

வசதியை அணைத்தேன். மறுபடி இழுத்தார். கோடு நடுங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தார். “இது நான்தான்” என்றார். சந்தோஷமாகச் சொன்னார் என்று எழுத எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து என் இயந்திரத்தில் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை அணைப்பது என்பதே யோசனையாயிற்று. நிலைப்படுத்தல் இல்லை. செய்ததைத் திரும்பப்பெறும் படிகளை க்ரித்தாவில் நாமே குறைத்துக்கொள்ளலாம். ஐந்து என்று வைத்தேன். முடிவில்லாமல் திரும்பப்பெற முடிகிறபோது எந்தக் கோடும் முடிவாவதில்லை. சிதம்பரத்திலேயே தன் பிற்காலத்தைக் கழித்த மௌனி மொத்தம் இரண்டு டஜன் கதைகளோடு நிறுத்திக்கொண்டார். நிறுத்துவது என்பதும் படைப்புச் செயல்தான் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இயந்திரத்துக்குத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

கோலம் போடுகிறவளுக்குத் திரும்பப்பெறல் கிடையாது. புள்ளி வைத்து, கம்பி இழுத்து, தொடங்கிய இடத்தில் முடிக்கவேண்டும். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் மூவரும் 1974இல், கோலங்களைக் கணினி இலக்கணமாக விவரிக்க முடியும் என்று காட்டிய கட்டுரையை வெளியிட்டார்கள். மொழிக்கு இலக்கணம் போல் படத்துக்கும் இலக்கணம். சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பிரயோகித்தால் கோலம் வளரும். தமிழில் கணினிக் கலைக்கு ஒரு மூலம் தேடுகிறவர்கள் மேற்கே போகுமுன் தாம்பரத்துக்கு ஒரு டிக்கெட் எடுக்கலாம். மேற்கிலும் இதே படிப்பினைதான். 1924இல் புதாபெஸ்டில் பிறந்து பாரிசில் வாழ்ந்து 2023இல் மறைந்த வேரா மோல்னார், 1959 வாக்கிலேயே தனக்குத்தானே விதிகளை வகுத்துக்கொண்டு கையால் வரையத் தொடங்கினார். அம்முறைக்குக் கற்பனை இயந்திரம் என்று பெயர் வைத்தார். உண்மையான கணினி அவர் கைக்கு எட்டியது 1968இல். ஒன்பது வருஷம் இயந்திரம் இல்லாமலே அவர் கணினி ஓவியராக இருந்தார். ஒன்றரை லட்சத்துக்காகக் காத்திருக்கும் நம் நண்பர்களின் பார்வைக்கு இதை வைக்கிறேன்.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். வாக்கியம் ஒன்றைத் தட்டினால் படம் செய்து தரும் நிரல்கள் இன்று கைபேசியிலேயே கிடைக்கின்றன; 20,000கூட வேண்டாமே? நியாயமான கேள்வி. பிளக்ஸ் கடைப் பையன்களும் இப்போது அதைத்தான் செய்கிறார்கள். அண்ணனின் வேலையை எடுத்தவர்களின் வேலையை அது எடுத்துக்கொண்டிருக்கிறது. என் பதில் சிறியது. அங்கே நமக்குக் கிடைப்பது படம், இடம் கிடைப்பதில்லை. அணைப்பதற்கு அங்கே நம் வசம் ஒன்றுமில்லை. எந்தக் கையின் சராசரி நம் கோட்டில் கலந்தது என்று கேட்கவும் வழியில்லை. சாதனம் தன் மறுப்பைக் காட்டுகிற இடத்தில்தான் கலைஞன் தன் தேர்வைச் செய்கிறான். என் பழைய டெஸ்க்டாப் நாளுக்கு நாலு முறை மறுக்கிறது.

இனி ஸ்கேனர். அண்ணனின் எழுத்துகள் சுவர்களில் ஒவ்வொன்றாக வெள்ளையடிக்கப்பட்டு வருகின்றன. கை நடுங்கத் தொடங்கிவிட்டது. டேப்லெட்டில் எழுத அவருக்கு மனமில்லை. ஃப்ளாட் பிரஷ், கறுப்புப் பெயிண்ட், சார்ட் அட்டை என்றால் சரி என்றார். அட்டையை 600 புள்ளியில் ஸ்கேன் செய்து கறுப்பு வெள்ளையாக்கி இங்க்ஸ்கேப்பில் கோட்டு வடிவமாக மாற்றிப் பார்த்தேன். பிரஷ் திரும்புகிற மூலையில் பெயிண்ட் கொஞ்சம் கட்டி நிற்கும்; இழுப்பு முடிகிற இடத்தில் மயிர் பிரியும். நிரலின் கணக்கில் அவை அழுக்கு; வழவழப்பாக்கச் சொன்னால் முதலில் அவற்றைத்தான் தின்கிறது. வழவழப்பைக் குறைத்தால் ஒரு ழகரத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கில் முடிச்சுகள். கணக்குக்குச் சிக்கனமான ழ அவருடைய ழ இல்லை.

எனக்கு அப்போது ஒரு ஆசை. இலவச நிரலான ஃபான்ட்ஃபோர்ஜில் இதை ஒரு எழுத்துருவாகவே செய்துவிட்டால் என்ன? தமிழின் 247 எழுத்துக்கும் தனித்தனி உருவம் வேண்டியதில்லை. கால், கொம்பு ஆகியவற்றைத் தனியே வைத்துக்கொண்டால் சுமார் 125 உருவங்கள் போதும். ஆறு மாத வேலை. அண்ணனின் கை அவருக்குப் பின்னும் இருக்கும். சிதம்பரம் போய் அவரிடம் சொன்னேன். அவர் மகளுக்குப் பள்ளியில் கொடுத்த மடிக்கணினி பரணிலிருந்து இறங்கியிருந்தது, அதில்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எழுத்துரு ஆச்சுன்னா யார் வேணாலும் போட்டுக்கலாமா?”

“ஆமாண்ணே. இலவசமாவே குடுக்கலாம்.”

“பிளக்ஸ்காரனும்?”

“அவங்களும்தான்.”

“அப்ப அதையும் அவனுக்கே குடுக்கப் போறியா?”

பதில் சொல்ல என்னிடம் வாதங்கள் இருந்தன. இலவச நிரல்களின் தர்மம் அது. பகிர்ந்தவர்களால்தான் 20,000 ரூபாயில் என் மூலை சாத்தியமாயிற்று. பூட்டி வைத்தால் எழுத்து சாகும். எல்லாமே உண்மை. ஆனால் பகிர்கிறவன் எதையாவது வைத்திருப்பவனாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை அந்த தர்மத்தில் எழுதப்படாமல் இருக்கிறது. தொழிலை எடுத்துக்கொண்டாயிற்று, சுவரை எடுத்துக்கொண்டாயிற்று, மிச்சமிருப்பது மணிக்கட்டு. அதைப் பொதுச்சொத்தாக்கு என்று வங்கிச் சம்பளக்காரன் சொல்வதில் தத்துவம் இருக்கலாம், நியாயம் இல்லை. நான் வாதங்களை எடுக்கவில்லை.

அவரே பிறகு வேறொன்று சொன்னார். தகவலாகத்தான் சொன்னார்; எனக்கு அது விமர்சனமாகப் பட்டது. பட்டியல் போட்டு ஒவ்வொரு எழுத்தாக எழுதிப் பார்த்திருக்கிறார். ஔ வந்ததும் நிறுத்திவிட்டார். “எந்தக் கடைக்குத் தம்பி ஔ? எழுதினதே இல்ல. மத்த எழுத்தும் தனியா வர மாட்டேங்குது. பேரைச் சொல்லு, எழுதறேன்.”

அவருக்கு எழுத்து கிடையாது, சொல்தான் உண்டு. பக்கத்தில் எந்த எழுத்து வருகிறது, பலகை எவ்வளவு நீளம், எந்தப் பெயர் பெரிதாகத் தெரியவேண்டும் என்பதைப் பொறுத்து ஒரே ‘க’ ஓரிடத்தில் அகலும், ஓரிடத்தில் ஒடுங்கும். 125 உருவங்களில் எதில் அந்த ‘க’வை வைப்பது? எழுத்துரு என்பது எல்லாச் சொல்லுக்கும் பொதுவான சராசரி. முன்பு கோட்டில் கலந்த அதே சராசரி. பணிக்கர் 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில், வாசிக்க முடியாத எழுத்தை ஓவியமாக்கினார். அண்ணனின் எழுத்து வாசிக்கப்படுவதற்காகவே பிறந்தது. வாசிக்க ஒரு பெயர் இல்லாதபோது அது பிறக்க மறுக்கிறது.

இப்போது நாங்கள் செய்வது இது. அவர் எழுதிய கடைகளின் பெயர்களை அவர் ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பாதிக் கடைகள் இன்று இல்லை. மூல அளவில் முடியாது. ஒரு முழ அட்டையில் எழுதுகிறார். பிரதி மாதம் இரண்டாம் சனிக்கிழமை நான் போய் வாங்கி வருகிறேன். அட்டை ஸ்கேனரைவிட நீளம். ஆகவே இரண்டு மூன்று துண்டாக எடுத்து கிம்ப்பில் ஒட்டுகிறேன். கோட்டு வடிவமாக மாற்றுவதில்லை. நடுக்கத்தைத் திருத்துவதில்லை. இதுவரை நாற்பத்தோரு பெயர்கள். எல்லாம் சேர்ந்தும் ஒரு இருபது அடுக்கு வண்ணப் படத்தின் இடத்தைப் பிடிக்கவில்லை. ஒரு பிரதி கடலூரில், ஒரு பிரதி சிதம்பரத்தில். யாருக்குக் கொடுப்பது என்பதை அவரும் அவர் மகளும் முடிவு செய்வார்கள் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். தேதி போட்டு அடியில் கோடு இழுத்தவர் அவர்.